பதின்மூன்றாம் நாளில் நடந்த வகுப்பு

ரஷ்த்
ஈரான், ஃபர்வர்தீன் 17, 1403 (ஏப்ரல் 5, 2024)

ஷாபூர்,

நலம் விசாரிக்க எனக்கு நேரமில்லை, விசாரிக்கப்பட உனக்குத் தகுதியும் இல்லை. தூபா அத்தை தன் மகளின் விசா நேர்காணலுக்காக நாளை யெரெவான் வருகிறாள். அவள் கைப்பையில் இது வரும். அரசு அடைத்த இணையத்துக்கு எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாத மறைவழி ஒன்றை உண்டாக்கிய மேதைக்கு அவன் அண்ணி தாளும் பேனாவும் எடுத்து எழுத வேண்டியிருக்கிறது. உன் மறைவழி செத்து நான்கு நாளாகிறது.

உன் அண்ணன் ஈரஜைக் கொண்டுபோய்விட்டார்கள். பதினான்காம் தேதி காலை, கடையில் அவர் புகைமீனைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தபோது நான்கு பேர் வந்தார்கள். மீன் வாங்க வந்தவர்கள் என்று நினைத்து எடை எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். உன் மறைவழி ஓடிய கணினியை ஈரஜின் அடையாள எண்ணில்தான் வாடகைக்கு எடுத்திருக்கிறாய் என்பது அவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. பேரைக் கொடுத்தவன் நீ, விலங்கு அவர் கையில்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ அதைப் பிடித்துத் தொங்குவாய். பூட்டிய செய்தி என்று தெரிந்தாலே தணிக்கைக்காரர்கள் வாசலில் நிறுத்திவிடுகிறார்கள், அதனால் அது வேறு ஏதாவது போலத் தெரிய வேண்டும் என்று நீ சொன்னபோது, இணையத்தில் நடக்கிற பயிற்சி வகுப்பு போல வேடம் போடு என்று யோசனை சொன்னவள் நான்தான். நுழைவுத் தேர்வுப் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறவள் என்பதால் கால அட்டவணையையும் கொடுத்தேன். எட்டு மணிக்குத் தொடக்கம், நாற்பத்தைந்து நிமிடம் பாடம், பத்து நிமிடம் இடைவேளை, வாத்தியார் நிறையப் பேசுவார், பிள்ளைகள் கொஞ்சமாகப் பதில் சொல்வார்கள். புத்தாண்டு விடுமுறையில் ஊரே தூங்கினாலும் தேர்வுப் பிள்ளைகளுக்கு வகுப்பு உண்டு, அதனால் சந்தேகம் வராது. ஆனால் புத்தாண்டின் பதின்மூன்றாம் நாள் மட்டும் கிடையாது, அன்றைக்கு மூடிவிடு என்று மூன்று முறை சொன்னேன். அன்று வீட்டுக்குள் இருப்பதே துரதிர்ஷ்டம் என்று செத்தவனைத் தவிர எல்லோரும் புல்வெளிக்குப் போகிற நாள். காசுக்காகப் பெற்ற தாயையும் வகுப்பில் உட்கார வைக்கிற எங்கள் கலாந்தரி சார்கூட அன்றைக்கு மையத்தைப் பூட்டிவிடுவார்.

நீ என்ன சொன்னாய்? "மெஷினுக்குப் புல்லும் தெரியாது, பிக்னிக்கும் தெரியாது அண்ணி" என்று சொன்னாய். மெஷினுக்குப் பின்னால் ஒரு மனுஷன் உட்கார்ந்திருப்பான் என்று உனக்குத் தோன்றவில்லை.

அன்று மதியம் சராவான் காட்டில் நாங்கள் பாயை விரித்துச் சோற்றைப் பரிமாறிக்கொண்டிருந்தோம். கலாந்தரி சார் போனில் சிரித்துக்கொண்டே சொன்னார், யாரோ ஒருவன் எல்லாப் பயிற்சி மையங்களுக்கும் போன் போட்டு இன்னைக்கு எவன் வகுப்பு நடத்துறான் என்று கத்துகிறானாம். கரண்டியை அப்படியே பாயில் வைத்தேன். உடனே உனக்கு ஒரு வரி அனுப்பினேன்: வகுப்பை மூடு, கேட்கிறார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் தானாக அழிந்துவிடும், கணினியில் ஒரு சுவடும் இருக்காது என்று நீயே பெருமை பேசியிருக்கிறாய்.

உன் பதில் என்னிடம் அப்படியே இருக்கிறது: "பதிமூணின் பொய்! இந்த வருஷம் நல்லாவே இருக்கு அண்ணி." கூடவே சிரிக்கிற முகம் மூன்று. பதின்மூன்றாம் நாள் ஊரே சொல்கிற விளையாட்டுப் பொய் என்று எடுத்துக்கொண்டாய்.

விஷயத்துக்கு வருகிறேன். விசாரிக்கிற அதிகாரிக்கு மீன்காரன் தேவையில்லை. இதைச் செய்தது தம்பிதான் என்று தம்பியே எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் வந்தால் ஈரஜை விட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். எழுது. தூபா அத்தை எட்டு நாள் அங்கே இருப்பாள்.

ஃபிரூஸே


யெரெவான்
ஆர்மீனியா, ஏப்ரல் 12, 2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கண்டு இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. நம்பமாட்டீர்கள், இருந்தாலும் சொல்கிறேன்.

அண்ணனை ஒரு வாரத்தில் விட்டுவிடுவார்கள். இந்த மாதிரி வழக்குகள் எனக்குத் தெரியும். வாடகைக்கு எடுத்தவன் யார், நடத்தியவன் யார் என்கிற வித்தியாசம் அவர்களுக்கே புரியும். அண்ணனைப் பத்து நிமிடம் கணினி முன்னால் உட்கார வைத்தாலே போதும்.

கோபத்தில் நீங்கள் சில விஷயங்களைக் குழப்பிவிட்டீர்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். என் வேடத்தில் குறை எதுவும் இல்லை. யாரும் பயன்படுத்தாத நேரத்திலும் அது வெற்றுக் குப்பையை அனுப்பி வகுப்பு நடப்பதுபோலவே காட்டும். மணி அடித்தால் தொடங்கும், மணி அடித்தால் நிற்கும். உள்ளே போவது பூட்டிய செய்தி என்று எந்த மெஷினாலும் சொல்ல முடியாது, அன்றைக்கும் சொல்லவில்லை. ஒரு வேலையற்றவன் நாட்காட்டியைப் பார்த்ததற்குக் கணிதம் என்ன செய்யும்? மேலும் அன்றைக்குத்தான் மக்களுக்கு வழி அதிகம் தேவை. படம் அனுப்புகிறார்கள், வெளிநாட்டுப் பிள்ளைகளோடு பேசுகிறார்கள். அப்படிப்பட்ட நாளில் கதவைச் சாத்து என்கிறீர்கள்.

பொய் விஷயத்தில் என்னை மட்டும் குற்றம் சொல்வது நியாயமா? போன வருடம் பதின்மூன்றாம் நாள் என்ன செய்தீர்கள்? அரசுத் தொலைக்காட்சியில் என் படத்தைப் போட்டு, இணைய சதியின் மூளை என்று சொன்னதாக எழுதினீர்கள். அரை நாள் நான் அதை உண்மை என்று நம்பினேன். இங்கே நண்பர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், ஒருவன் எனக்காக விருந்தே வைத்துவிட்டான். மாலையில் நீங்கள் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொன்னபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்? இந்த வருடம் ஏமாறக்கூடாது என்று இருந்தேன். நம் ஊரில் வருடத்தில் ஒரு நாள் எல்லோரும் பொய் சொல்வார்கள், அந்த நாளில் வருகிற உண்மையை யார் நம்புவார்கள்?

கையெழுத்து விஷயம் நீங்கள் நினைப்பது போல் சின்னது இல்லை. என் மேல் இதுவரை எந்த வழக்கும் கிடையாது. நாளைக்கே அம்மாவைப் பார்க்க வரலாம். எழுதிக் கொடுத்தால் அதன் பிறகு எல்லையில் கால் வைக்க முடியாது. அம்மாவுக்கு எழுபத்தொன்று. இதையும் யோசியுங்கள்.

இங்கே அடுத்த மாதம் ஒரு கூட்டத்தில் இந்த வேட முறையைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். உங்கள் பெயரைச் சொல்லாமல் உங்கள் யோசனையைக் குறிப்பிடுவேன்.

ஷாபூர்


ரஷ்த்
ஓர்திபெஹெஷ்த் 3, 1403

ஷாபூர்,

என் பெயரைச் சொல்லாமல் குறிப்பிடுவாயாம். பெரிய மனசு. கூடவே இதையும் குறிப்பிடு: பேச வந்திருக்கிறவரின் அண்ணன் இருபது நாளாகத் தரையில் படுக்கிறார்.

தொலைக்காட்சியில் உன்னைச் சதிகாரன் என்று சொன்னதைக் கேட்டு விருந்து சாப்பிட்டவன் நீ. அதை நீயே எழுதி, அதையே காரணமாகவும் காட்டுகிறாயே, எழுதும்போது கை கூசவில்லையா? நானாக இருந்தால் அந்த வரியை அடித்திருப்பேன். போன வருடம் நான் சொன்ன பொய்யை நீ ஏன் நம்பினாய் தெரியுமா? அது உனக்குப் பிடித்திருந்தது. இந்த வருடம் சொன்ன உண்மை உனக்குப் பிடிக்கவில்லை.

ஈரஜைப் போன செவ்வாய் பார்த்தேன், பத்து நிமிடம். தாடி வளர்ந்திருக்கிறது. மீன் வாசனை போய்விட்டது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இருபது வருடமாக அந்த வாசனைக்காக அவரைத் திட்டியிருக்கிறேன்.

உன் வேடத்தைக் கண்டுபிடித்த கதையை அவர்தான் சொன்னார். மெஷின் ஒன்றும் பிடிக்கவில்லையாம், அதில் நீ சொன்னது சரி, சந்தோஷப்படு. பதின்மூன்றாம் நாள் இணையத்தைக் கண்காணிக்கிற அறையில் காவலுக்கு மாட்டிக்கொண்டது ஒரே ஒருவன். பெண்டாட்டியும் பிள்ளைகளும் மாமனார் வீட்டோடு லாஹிஜானுக்குப் போய்விட்டார்கள். இவன் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டு சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருக்கிறான். எட்டு மணிக்கு டாண் என்று ஒரு வகுப்பு தொடங்குகிறது. ஒரு பிள்ளைகூட விடுப்பு இல்லை, ஒருவன்கூடத் தாமதமாக வரவில்லை. அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்ததாம். சதியைப் பிடிக்க அவன் போனை எடுக்கவில்லை. தன்னைப் போலவே பிள்ளைகளையும் இன்றைக்கு உட்கார வைத்திருக்கிற அந்தக் கல்நெஞ்சக்காரனைத் திட்டத்தான் எடுத்தான். எந்த மையமும் திறக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் சந்தேகம் வந்ததாம்.

விசாரணையில் அவனே ஈரஜிடம் சொல்லிச் சிரித்தானாம். "பதிமூணு அன்னிக்கு அட்டெண்டன்ஸ் நூறு பர்சன்ட்டா? இத செஞ்சவன் நம்ம ஊர்க்காரனே இல்ல, இல்லன்னா சுத்த மடையன்."

இப்போது கேள். உன் பெயரை அவர்கள் பல தடவை கேட்டிருக்கிறார்கள். தம்பி என்ன படித்தான், எங்கே இருக்கிறான் என்று. ஈரஜ் நேரடியாகவே சொல்லிவிட்டார், "நான்தான் செஞ்சேன், தம்பிக்கு ஒண்ணும் தெரியாது." எப்படிச் செய்தாய் என்று கேட்டால் என்ன சொல்வார்? ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டுகிற மனுஷன். ஒரு நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார வைத்தார்கள். அதைத் திறக்கிற பொத்தான் எது என்று தெரியாமல் விழித்திருக்கிறார். அவர்கள் கேலி செய்திருக்கிறார்கள். அவர் பொறுத்துக்கொண்டு, மறந்துபோச்சு சார் என்றிருக்கிறார். பத்து நிமிடம் உட்கார வைத்தால் தெரிந்துவிடும் என்று எழுதினாயே, தெரிந்துவிட்டது. தெரிந்தும் விடவில்லை. யாராவது ஒருவன் வேண்டும் அவர்களுக்கு.

அம்மாவிடம் அவர் அன்ஸலிக்கு மீன் கொள்முதலுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இத்தனை நாளாக எந்த மீனை வாங்குகிறான் என்று கேட்கிறாள். அம்மா பெயரை இனி உன் கடிதத்தில் எழுதாதே. இரண்டு வருடமாக நாளைக்கே வரலாம் என்கிற நிலையில் இருந்தாய். ஒரு நாளாவது வந்தாயா?

கையெழுத்துப் போட்டு அனுப்பு.

ஃபிரூஸே


யெரெவான்
மே 1, 2024

அண்ணி,

நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். அண்ணன் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். யார் அவரைக் கேட்டார்கள்?

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். இங்கே ஒரு வழக்கறிஞரைக் கலந்து எழுதியது. அதிகாரியிடம் கொடுங்கள். அதில் எல்லாம் இருக்கிறது. மேற்படி கணினியின் அமைப்பு முறை அதன் பதிவில் பெயர் உள்ளவரின் தொழில்நுட்ப அறிவுக்கு அப்பாற்பட்டது என்றும், நாட்டுக்கு வெளியே உள்ள மூன்றாம் நபரால் அது இயக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு என்றும் தெளிவாக இருக்கிறது. படிக்கிறவனுக்கு மூளை இருந்தால் புரிந்துகொள்வான்.

பெயர் போட வேண்டிய அவசியமில்லை என்று வழக்கறிஞர் சொல்கிறார். பெயர் போட்டால் அண்ணனுக்கே கூட்டுச் சதி என்று திரும்பும் ஆபத்து இருக்கிறதாம். நான் என்னைப் பற்றி மட்டும் யோசிக்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

கூட்டத்தில் பேசுவதை ரத்து செய்துவிட்டேன். இதையாவது நம்புங்கள்.

ஷாபூர்


ரஷ்த்
ஓர்திபெஹெஷ்த் 20, 1403

மூன்றாம் நபருக்கு,

உன் தாள் கிடைத்தது. அதிகாரியிடம் கொடுக்கவில்லை, கொடுத்து அவன் முன்னால் அவமானப்பட எனக்கு விருப்பமில்லை. பாதாம் உரிக்க உட்கார்ந்தபோது தொலியைப் போட அதுதான் பயன்பட்டது.

"இயக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு." சின்ன வயதில் அம்மாவின் கண்ணாடி ஜாடியை உடைத்துவிட்டு, ஜாடி விழுந்துடுச்சு என்று சொன்னாயாம். ஈரஜ் அடிக்கடி சொல்லிச் சிரிப்பார். ஜாடி தானாக விழுந்ததாம், அடி மட்டும் ஈரஜுக்கு விழுந்ததாம். அப்போது உனக்கு ஆறு வயது, இப்போது நாற்பத்தைந்து.

செய்திக்கு மாறுவேடம் போடத் தெரிந்த உனக்கு உன் பெயரைத் திறந்து எழுத வரவில்லை. இந்த ஊரில் ஐந்நூறு வீட்டுக்காரர்களுக்கு வழி திறந்துவிட்டாய், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. என் மாணவர்களில் பாதிப் பேர் அதில்தான் வெளியுலகப் பாடம் பார்த்தார்கள். அது நல்ல காரியம்தான். நல்ல காரியத்தைச் செய்தவன் நான்தான் என்று சொல்ல ஏன் இவ்வளவு நடுக்கம்?

கோப்பு குர்தாத் 29 அன்று, உன் ஊர்க் கணக்கில் ஜூன் 18, நீதிமன்றத்துக்குப் போகிறது. போய்விட்டால் பிறகு அந்த அதிகாரி நினைத்தாலும் முடியாது. நான்கு வருடம் என்கிறார்கள். ஈரஜுக்கு ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரை இருக்கிறது.

இனி உன்னிடம் கெஞ்சமாட்டேன். இதுவரை கெஞ்சியதாகவும் நினைக்காதே.

ஃபிரூஸே


யெரெவான்
மே 16, 2024

அண்ணி,

எழுதிவிட்டேன். நான்கு தாள் கிழித்தேன். இத்துடன் இருப்பது ஐந்தாவது. தட்டச்சு செய்யவில்லை, என் கையாலேயே எழுதியிருக்கிறேன். கட்டைவிரல் ரேகையும் வைத்திருக்கிறேன்.

அதில் இருப்பதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். "தப்பு என்னுடையது. கணினியை என் அண்ணன் ஈரஜின் பெயரில் அவருக்குத் தெரியாமல் எடுத்தவன் நான். பூட்டிய செய்திகளைப் பயிற்சி வகுப்பு போல மாற்றி அனுப்பியவன் நான். மூடச் சொல்லி எச்சரிக்கை வந்தும் மூடாதவன் நான். என் அண்ணனுக்கு மீன் விற்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது." அவ்வளவுதான். உங்கள் பெயர் எங்கும் இல்லை.

முதல் வரி எழுதத்தான் நேரம் ஆனது. மற்றவை தானாக வந்தன. அன்றைக்கு மதியம் உங்கள் செய்தி வந்தபோது ஒரு நொடி எனக்குச் சந்தேகம் வந்தது, இது உண்மையாக இருந்தால் என்று. உண்மையாக இருந்தால் நான் சொன்னது தப்பு என்று ஆகிவிடும். அதனால் சிரித்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

தெஹ்ரான் விமானத்தில் வருகிற ஒருவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். கிடைத்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

ஷாபூர்


ரஷ்த்
குர்தாத் 13, 1403

ஷாபூர்,

தாள் கிடைத்தது. படித்தேன். உன்னிடமிருந்து நான் எதிர்பார்க்காதது. அதற்கு மேல் பாராட்ட எனக்கு வராது.

நேற்று அந்த அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன். மூன்று மணி நேரம் காத்திருக்க வைத்தார்கள். பிறகு அதிகாரி படித்துவிட்டு, சரி, விஷயம் முடிந்தது என்பதுபோல் தலையாட்டினான். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று ஈரஜை அழைத்துவரச் சொன்னான்.

ஈரஜ் வந்து உட்கார்ந்தார். தாளைக் கையில் கொடுத்தார்கள். கண்ணாடி இல்லாததால் தூரத்தில் பிடித்து, உதட்டை அசைத்து, நிதானமாக எல்லாவற்றையும் படித்தார். பிறகு மேசைமேல் வைத்துவிட்டார்.

"இது என் தம்பி எழுதுனது இல்ல சார்" என்றார்.

கையெழுத்து அவனுடையதுதானே என்று அதிகாரி கேட்டான். நம்மிடம் அவன் பாஸ்போர்ட் படிவம் இருக்கிறது, ஒத்துப்போகிறதே என்றான்.

"கையெழுத்து அவன மாதிரியேதான் இருக்கு. யாரோ நல்லா பாத்துப் போட்டிருக்காங்க. ஆனா மொத வரியே தப்பு என்னுதுன்னு இருக்குதே சார். என் தம்பிய எனக்குத் தெரியும். பொறந்ததுலேருந்து அவன் அந்த வார்த்தைய சொன்னதில்ல. சாகும்போதும் சொல்லமாட்டான்."

அறையில் இருந்த காவலன் சிரித்துவிட்டான். அதிகாரி என் பக்கம் திரும்பினான். புருஷனைக் காப்பாற்றக் கள்ளக் கடிதம் தயாரித்துக்கொண்டு வந்திருக்கிறாயா, ரேகையை எவன் விரலில் எடுத்தாய் என்று கத்தினான். உள்ளே போட்டுவிடுவேன் என்று மிரட்டித் துரத்திவிட்டான். தாளை இரண்டாகக் கிழித்துக் கோப்புக்குள் வைத்தான். உன்மேல் இப்போதும் வழக்கு கிடையாது. நாளைக்கே வரலாம்.

வராந்தாவில் ஒரு நிமிடம் ஈரஜ் பக்கத்தில் நிற்க விட்டார்கள். ஏன் இப்படிச் செய்தீர்கள், அவனைக் காப்பாற்றவா, இல்லை நிஜமாகவே அவன் எழுதியிருக்கமாட்டான் என்று நினைத்தீர்களா என்று கேட்டேன். பூண்டு ஊறுகாய் ஜாடிகளை நிழலுக்கு மாற்றிவிட்டாயா என்று கேட்டார். நான் திரும்பவும் கேட்டேன். அதற்குள் காவலன் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

நேற்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் உன்னைக் காப்பாற்றச் சொல்லியிருந்தால் அவரைப் போல் முட்டாள் கிடையாது. நம்பாமல் சொல்லியிருந்தால் உன்னைப் போல் பாவி கிடையாது. இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

ஃபிரூஸே


யெரெவான்
ஜூன் 8, 2024

அண்ணி,

இதைக் கொண்டுவருகிறவர் நாளை விமானம் ஏறுகிறார். நான் வியாழக்கிழமை பேருந்தில் கிளம்புகிறேன். நோர்துஸ் எல்லையைக் கடந்து, தப்ரீஸ் வழியாக வெள்ளி மாலை ரஷ்த் வந்துவிடுவேன். அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

சனிக்கிழமை காலை அந்த அலுவலகம் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று விசாரித்து வையுங்கள். நீங்கள் கூட வர வேண்டாம், வாசல் வரை வழி காட்டினால் போதும். அண்ணனை வரவழைக்கச் சொல்லிக் கேட்பேன். அவர்கள் தாளில், அவர்கள் பேனாவால், அவர் கண் முன்னால் எழுதுகிறேன். முதல் வரியை அவரே வாய்விட்டுப் படிக்கட்டும்.

ஷாபூர்